சோமனூர் வீட்டில் அறையின் ஒலியை அளந்தபோது திணறிய மடிக்கணினி

எங்கள் வீடு சோமனூரில், விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் இருக்கிறது. நானே அறுத்துப் பூட்டிய ஸ்பீக்கர் பெட்டிகளை முன்னறையில் வைத்து, அவற்றின் ஒலி அந்த அறையில் எப்படி மாறுகிறது என்பதை ரூம் இக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளாலும் ஒரு யுஎஸ்பி மைக்காலும் இரண்டு மாதங்களாக அளந்து வருகிறேன். தறிச் சத்தம் அடங்குவது ஷிப்டு மாறும் அரைமணி நேரம்தான். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டிய எனக்கு, அந்த நேரத்தில் மடிக்கணினி திணறியது பெரும் இடைஞ்சலாக இருந்தது.

மைக்கில் கேட்கும் ஒலியின் அதிர்வெண்களை அப்போதைக்கப்போது வரைந்து காட்டும் ஆர்டிஏ சாளரத்தில் கோடு விட்டுவிட்டு நகர்ந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கினால் இரண்டு மூன்று விநாடிகள் கழித்தே அசைந்தது. மெனு மூடிய இடத்தில் கறுப்புக் கட்டம் அப்படியே தங்கியது. போதாக்குறைக்கு, அமைப்புச் சாளரத்தின் அடியிலிருக்கும் பொத்தான்கள் திரைக்குள் வரவே இல்லை.

அளவீடே பிழையாகிறதா, அல்லது அதைத் திரையில் வரைவது மட்டும்தான் தாமதமாகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன். 48 கிலோஹெர்ட்ஸில் 256கே மாதிரிகள் நீளமுள்ள ஸ்வீப்பை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததுவரை ஏறத்தாழ 5.5 விநாடி ஓடும் ஒலியை, மைக்கை நகர்த்தாமல் என் மடிக்கணினியில் ஒரு முறையும் மச்சானின் மேசைக் கணினியில் ஒரு முறையும் எடுத்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. எங்கள் அறையின் 14 அடி நீளத்துக்கு, நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகத்தை விநாடிக்கு 349 மீட்டர் எனக் கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி கூடிக்கொள்வதால் சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒரு மேடு வர வேண்டும். இரண்டிலும் அது அங்கேயே நின்றது. எடுத்துவைத்த அளவீடுகள் வீணாகவில்லை என்று அறிந்தபோதுதான் மூச்சு வந்தது.

திரைக் கோளாறுகள் எளிதில் தீர்ந்தன. என் திரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது. விண்டோஸில் எழுத்தளவை 125 சதவீதம் என்று வைத்திருந்ததால் உயரத்தில் 614 புள்ளிகளுக்கான இடமே மிஞ்சியிருக்கிறது. 100 சதவீதத்துக்கு மாற்றியதும் பொத்தான்கள் தெரிந்தன. இம்மென்பொருள் ஜாவாவில் இயங்குவது; விண்டோஸில் ஜாவா, டைரக்ட்3டி என்னும் வரைகலை வசதி வழியாகப் படம் வரையும். என் கணினியின் பழைய கிராபிக்ஸ் டிரைவருக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. டைரக்ட்3டியை நிறுத்திப் பார்த்தபோது கறுப்புக் கட்டம் மறைந்தது. டிரைவரைப் புதுப்பித்தபின் மீண்டும் இயக்கியும் அது திரும்ப வரவில்லை.

ஆர்டிஏ திணறலில் என் பேராசைக்கும் பங்கிருந்தது. ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கை 64கே மாதிரிகளுக்குப் போடுகையில், அடுத்தடுத்த கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவான ஓவர்லேப்பை 93.75 சதவீதம் என வைத்தால், விநாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் முழுக் கணக்கையும் போட்டாக வேண்டும். 50 சதவீதமாக்கினால் ஒன்றரை முறை போதும். தாழ்ந்த அதிர்வெண்களைப் பார்ப்பதற்கு அதுவே தாராளம். நினைவகத்தில் திறந்து கிடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய அளவீடுகளையும் கோப்பில் சேமித்துவிட்டு மூடினேன்.

இவ்வளவு செய்தும் பத்து நிமிடத்தில் பழைய திணறல் திரும்பியது. சார்ஜரைச் சொருகினால் ஆம்பிளிஃபயரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறுகிறது என்பதால் நான் பேட்டரியிலேயே அளப்பது வழக்கம்; அதனால் கணினி மின்சிக்கன நிலைக்குப் போயிருந்தது. அதை மாற்றினேன். அப்போதும் தொடக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய செயலி, சூடேறச் சூடேற 0.8க்கு இறங்குவதை டாஸ்க் மேனேஜரில் கண்டேன். ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் தம்பியிடம் போனில் சொன்னேன். “அண்ணா, உங்க ஊர்ல முதல்ல ஃபேனைக் கழட்டிப் பாருங்க” என்றான்.

அடிமூடியைக் கழற்றியபோது விசிறிக்கும் செம்புத் தகட்டு வரிசைக்கும் நடுவே, தறிகளிலிருந்து பறந்து வந்த பஞ்சு, கம்பளித் துண்டு போல அழுந்திப் படிந்திருந்தது. ஊசிமுனை இடுக்கியால் இழுத்தபோது ஒரே பாளமாக, வெற்றிலை அளவில் கையோடு வந்தது. காற்று வரும் வழி முழுவதும் அதுவே அடைத்திருந்தது. அறைச் சத்தம் மைக்கில் ஏறக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அளந்ததால் சூடு இன்னும் கூடியிருக்கிறது.

சுத்தம் செய்து மூடிய அன்றிரவே, ஷிப்டு இடைவேளையில் பன்னிரண்டு ஸ்வீப்புகளை நிற்காமல் எடுத்து முடித்தேன். 41 ஹெர்ட்ஸ் மேடு இன்னும் குறையவில்லை. அடுத்த முறை பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி அளக்க இருக்கிறேன்.