வலமிருந்து இடமாக: பேனிங் பழகிய காலைகள்

மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிந்தும் விடியாததுமாகச் சென்னை காமராசர் சாலைக்குச் சென்று, கடற்கரைப் பக்கத்து நடைபாதையில் நின்று பேனிங் பழகிவருகிறேன். ஓடுகிற பொருளோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே படமெடுத்தால் பொருள் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாக இழுபட்டும் பதியும் என்பதற்கு மேல் தொடங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு மட்டும் காரணம் இருந்தது. சூரியன் முதுகுப் பக்கம் கடலிலிருந்து எழுவதால் சைக்கிளில் வருபவர்மீது நேராக வெளிச்சம் விழும். எதிரே மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடமும் மரங்களும் இருக்கின்றன. பின்னணி வெறும் வானமாகவோ வெள்ளைச் சுவராகவோ இருந்தால் இழுபடுவதற்கு அங்கே ஏதும் இராது. எவ்வளவு நன்றாகத் திருப்பினாலும் வண்டி நிறுத்தி வைத்திருந்தது போலத்தான் தோன்றும்.

முதல் நாள், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/500 நொடி மட்டும் திறந்திருக்குமாறு வைத்து எடுத்தேன். எல்லாம் உறைந்துபோய்ச் சக்கரத்தின் கம்பிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆத்திரத்தில் ஒரே தாவலாக 1/30 நொடிக்கு இறங்கியபோது எடுத்த அறுபது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள், 1/30 நொடிக்குள் 18 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அந்த 18 சென்டிமீட்டரையும் என் இடுப்பு பிசகாமல் பின்தொடர்ந்தால்தான் படம். அதன்பின் 1/125-இல் தொடங்கி, பாதிப் படங்களாவது தேறிய பிறகே 1/60-க்கும் அங்கிருந்து 1/30-க்கும் இறங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டால் இதுவும் நடக்காது, ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் ஒளி மிகையாகிவிடும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100-இல், லென்ஸின் துவாரத்தை எஃப்/16-க்கு (எண் கூடக்கூடத் துவாரம் சுருங்கும்) வைத்தால் ஏறத்தாழ 1/100 நொடி என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. 1/30 நொடிக்குப் போகவேண்டுமென்றால் பெரும்பாலான லென்ஸ்கள் சுருங்கும் எல்லையான எஃப்/22-ஐயும் தாண்டவேண்டும். ஒளியைக் குறைக்கும் கண்ணாடியான மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் எஃப்/11 அளவிலேயே வேலை முடியும். அது என்னிடம் இல்லாததால்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்திருக்கிறேன்.

நிற்கும் விதத்தை உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. வண்டி வரும் திசையைப் பார்த்துக் கால் ஊன்றுவது இயல்பாக வருகிறது. ஆனால் அப்படி நின்றால், படமெடுக்க வேண்டிய இடத்துக்கு வண்டி வந்து சேரும்போது இடுப்பு முழுதும் முறுகி, அதற்குமேல் திரும்ப இயலாமல் நின்றுவிடும். படமெடுக்கும் இடத்தை நோக்கிப் பாதங்களை வைத்து, இடுப்புக்கு மேலே மட்டும் வலப்பக்கம் திரும்பிக் காத்திருந்து, வண்டியோடு சேர்ந்து முறுக்கைப் பிரித்துக்கொண்டே வரவேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகும், பந்தை விட்ட பின்னும் ஓட்டத்தை நிறுத்தாத பந்துவீச்சாளரைப் போல, சற்று தூரம் திரும்பிக்கொண்டே போகவேண்டும். என்னுடையது டிஎஸ்எல்ஆர் என்பதால் படம் பதியும் அந்தக் கணத்தில் உள்கண்ணாடி மேலெழுந்து, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. அந்த இருட்டில் கை தயங்கிய தயக்கமெல்லாம் படத்தில் பதிந்திருக்கிறது.

ஒன்றைத் தாமதமாகவே கவனித்தேன். நம் நாட்டில் எந்த நடைபாதையில் நின்றாலும், அருகில் ஓடும் வண்டிகள் வலப்பக்கமிருந்துதான் வரும். சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார் என்று சிறுவயதில் சொல்லித்தந்தார்களே, அதே காரணம்தான். இதனால் என் உடம்பு வலமிருந்து இடமாகத் திரும்ப மட்டுமே கற்றிருக்கிறது. சாலைத் தடுப்புக்கு அப்பால் எதிர்த்திசையில் செல்லும் வண்டியைப் பிடிக்க முயலும் ஒவ்வொரு முறையும் நான் மீண்டும் முதல் நாள் மாணவன்.

பேருந்துதான் எனக்கு நல்ல ஆசான். அகலக் கோண லென்ஸோடு சாலையோரம் நின்று மாநகரப் பேருந்தை எடுத்தபோது நடுச்சன்னல் மட்டும் தெளிவாக இருந்தது, முன்னும் பின்னும் கரைந்துபோயிருந்தன. கை நடுங்கியதாக நினைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தும் அப்படியேதான் வந்தது. ஐந்து மீட்டர் தொலைவில் 11 மீட்டர் நீளப் பேருந்து கடக்கும்போது, நமக்கு நேரே உள்ள நடுப்பகுதி கண்முன் திரும்பும் கோண வேகத்தில் பாதிகூட அதன் இரு முனைகளுக்கும் இருப்பதில்லை. ஒரே கேமரா இரண்டு வேகத்தில் திரும்ப முடியாது. 25 மீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் இந்த வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அதுவரை நான் ‘வண்டியை’ப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன், அன்றுமுதல் ஒரு புள்ளியை மட்டும் பின்தொடர்கிறேன். சைக்கிள் ஓட்டுபவரின் முகத்தில் ஃபோகஸ் புள்ளியை ஒட்டிவைத்து, சக்கரமும் முழங்காலும் எப்படியாவது போகட்டும் என்று விட்டபிறகுதான் 1/30-இல் படங்கள் தேறத் தொடங்கின.

தோற்ற படங்களை இப்போது உடனே அழிப்பதில்லை. பின்னணிக் கோடுகள் சாய்ந்திருந்தால் கை ஏறியிறங்கியிருக்கிறது. பொருளும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் அதன் வேகத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்ரி லார்டிக் இளம் வயதில் எடுத்த பந்தயக் கார் படத்தையும் இப்படிப் படிக்கலாம். 1912 என்று நெடுங்காலம் அச்சிடப்பட்டு, பின்னர் 1913 என்று திருத்தப்பட்ட படம் அது. காரின் சக்கரம் முட்டையாக நீண்டு முன்னோக்கிச் சாய்ந்திருக்க, ஓரத்தில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவருடைய கேமராவின் ஷட்டர் ஒரு பிளவாகத் தகட்டின் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்கையில் அவர் கேமராவைத் திருப்பியதால் மனிதர்கள் சாய்ந்தார்கள். காரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திருப்பாததால் சக்கரமும் சாய்ந்தது. பேனிங் கணக்கில் அது தேறாத படம். ஆனாலும் 1963-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி அவரை உலகறியச் செய்தது.

சென்ற வாரம் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போன ஒருவரின் முகம் 1/30-இல் துல்லியமாக விழுந்தது. பின்னால் கல்லூரிக் கட்டடம் சிவப்புக் கீற்றுகளாகிவிட்டது. அடுத்து மணலில் ஓடும் சவாரிக் குதிரைகளை எடுக்க எண்ணியிருக்கிறேன். சைக்கிளைப் போல அவை ஒரே மட்டத்தில் போவதில்லை, ஒவ்வோர் எட்டுக்கும் தலை ஏறியிறங்குகிறது. எனவே மறுபடியும் 1/125.