பத்து நொடிப் பூச்சரம்

23 ஆகஸ்ட் 2025, சனி

அப்பா அம்மாவின் கல்யாண கேசட்டை டிஜிட்டலாக மாற்றி வாங்கியாயிற்று. வருகிற செப்டம்பர் 4 அன்று அவர்களுக்கு முப்பது வருஷம் நிறைகிறது. அதற்குள் முகூர்த்தக் காட்சியை மட்டுமாவது தனியாக எடுத்து, அழகு செய்து கொடுத்துவிட வேண்டும்.

1995 கேசட் என்பதால் படம் 4:3. இப்போதைய டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. 1920 பிக்சல் அகலத்தில் படத்துக்கு 1440 போக, பக்கத்துக்கு 240 காலி. அங்கே மேலிருந்து இறங்கி, காற்றில் ஆடி, மறுபடி மேலே போகும் பூச்சரம் ஒன்றை ஓவர்லேயாக, அதாவது படத்தின் மேல் அடுக்கும் தனி கிளிப்பாக, வைத்தேன். மணமேடைத் தூணில் கட்டியது போலவே இருக்கிறது. ஆனால் அது ஓடுவது 10 நொடிதான். காட்சியோ 1 நிமிடம் 38 நொடி.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் சரத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். 10 நொடியை 98 நொடிக்கு இழுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் பத்து மடங்கு நேரம் திரையில் நிற்கும். சரம் ஆடவில்லை, தத்தித் தத்தி நகர்ந்தது. சரி என்று பத்து பிரதிகளை வரிசையாக ஒட்டினேன். பத்து நொடிக்கு ஒரு முறை சரம் மேலேறி, திரும்ப இறங்கியது. தாலி கட்டுகிற நேரத்தில் அப்படி ஆனதைப் பார்க்கவே மனசு ஒப்பவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஓர் உபகாரம் எதிர்பாராமல் கிடைத்தது. கேசட் பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிவானது, நொடிக்கு 25 ஃபிரேம். சரமோ நொடிக்கு 30. 25-இல் ஓடும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) அதைப் போட்டால் ஆறில் ஒரு ஃபிரேம் கழிந்துவிடும். ஆட்டத்தில் ஒரு சின்ன உதறல் இருந்ததற்கு அதுதான் காரணம். கிளிப்பின் பண்புகளில் ஃபிரேம் வேகத்தை 25 என்று மாற்றிவிட்டேன். இப்போது 300 ஃபிரேமும் ஒன்று விடாமல் வருகின்றன, நேரமும் 12 நொடி ஆகிவிட்டது. ஆட்டம் கொஞ்சம் நிதானப்பட்டதில் இன்னும் அழகு.

28 ஆகஸ்ட், வியாழன்

இறங்குவது, ஆடுவது, ஏறுவது என்று மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும். நீட்ட வேண்டியது நடுத்துண்டை மட்டும். ஆனால் அதை அப்படியே திருப்பித் திருப்பிப் போட முடியாது. சரம் முதலில் வீசி ஆடும், போகப் போக அடங்கும். முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டினால் வெடுக்கென்று குதிக்கிறது.

ஊஞ்சலை நினைத்துக்கொண்டேன். போய்த் திரும்புகிற அந்த உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அங்கே வெட்டினால்? ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தித் தேடினேன். 78-இல் சரம் இடது உச்சியில் நிற்கிறது, 213-இல் வலது உச்சியில். அந்த 135 ஃபிரேமை ஒரு முறை நேராகவும் ஒரு முறை பின்னோக்கியும் ஓடவிட்டேன். ஒட்டு தெரியவே இல்லை! அடங்கிய ஆட்டம் மெல்ல வலுத்து, மறுபடி அடங்குகிறது. காற்று வந்து போவது போல இருக்கிறது. இப்படி ஒரு ஜோடி 270 ஃபிரேம். ஏற்கெனவே உள்ள 300 ஃபிரேமோடு எட்டு ஜோடி சேர்த்தால் மொத்தம் 2460, அதாவது 98.4 நொடி. கூடுதலாக உள்ள அரை நொடி, காட்சி இருளும் இடத்தில் அடங்கிவிடும்.

30 ஆகஸ்ட், சனி

சரத்தோடு, பூவிதழ்கள் உதிரும் கிளிப் ஒன்றையும் படத்தின் மேல் வைத்தேன். அதற்கு இந்த வழி உதவாது. பின்னோக்கி ஓட்டினால் இதழ்கள் வானத்துக்குப் போகின்றன. அந்த கிளிப் காலியாகத் தொடங்கி, எல்லா இதழும் விழுந்ததும் காலியாக முடிகிறது. அதனால் முதல் மழை பாதியில் இருக்கும்போதே டைம்லைனின் இன்னொரு டிராக்கில் (அடுக்கில்) அடுத்ததைத் தொடங்கினேன். இரண்டாவதை இடம் வலமாகத் திருப்பியும் வைத்தேன். இல்லையென்றால் அதே பெரிய இதழ் அதே இடத்தில் புரள்வதைக் கண் பிடித்துவிடும்.

தாலி கட்டும் இருபது நொடிக்கு இதழே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அம்மா முகத்துக்கு முன்னால் எதுவும் பறக்கக் கூடாது.

1 செப்டம்பர், திங்கள்

நீட்டிய சரத்தை ஒரே கோப்பாக ரெண்டர் செய்தேன். வழக்கமான எச்.264 எம்பி4 வீடியோ வடிவில் எடுத்தேன், பின்னணி முழுக்கக் கறுப்பு. ஒளி ஊடுருவும் பகுதியைச் சொல்லும் ஆல்ஃபா அதில் போகாது. ஆல்ஃபாவோடு எடுக்கும் பிரிவில் எம்ஓவி என்ற வடிவில் எடுத்ததும் சரியானது. கோப்பு பெரிதுதான், பரவாயில்லை.

3 செப்டம்பர், புதன்

தங்கச்சிக்கு மட்டும் முன்கூட்டியே காட்டினேன். பாதியில் "நிறுத்துண்ணே" என்றாள். சரம் வீசி ஆடும்போதெல்லாம் படத்தின் வலது ஓரத்தில் உள்ளே வருகிறது. அங்கேதான் ஆச்சி நின்று அட்சதை போடுகிறாள். அவள் கையை மறைக்கிறது. ஆச்சி போய்ப் பதினோரு வருஷம். அவள் நடமாடும் படம் இது ஒன்றுதான்.

ஒரே கோப்பாக இருந்ததால் ஒரு நிமிட வேலை. அளவை 85 சதவீதமாகக் குறைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளினேன். இப்போது ஆச்சியின் கை முழுசாகத் தெரிகிறது. மஞ்சள் அரிசி விழுவதும் தெரிகிறது.