வெள்ளை மருந்து எழுதிக் குடுத்தாவ, எப்படிப் போடணும்னு யாரும் சொல்லல

சோறு வடிக்கும்போது பானை நழுவி எங்க அத்தைக்கு வலது கை, தொடை, பாதம் வரைக்கும் கஞ்சி கொட்டிருச்சு. நான் வேலையில இருந்து ஓடி வாறதுக்குள்ள யாரோ இட்லி மாவ எடுத்து அப்பி வச்சிருந்தாவ. மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்ங்க, ஐஸும் வேண்டாம், குழாய்த் தண்ணிய 20 நிமிஷம் விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்த மாவ அங்க வழிச்சு எடுக்கையில அத்தை போட்ட சத்தம் கீழ டோக்கன் போடுற இடம் வரைக்கும் கேட்டுச்சு.

அட்மிஷன், ட்ரிப்ஸ், டிடி ஊசி எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, வார்டு நர்ஸுங்க தங்கம். வினையே டிஸ்சார்ஜ்லதான். சீட்டுல 'எஸ்எஸ்டி கிரீம், லோக்கல் அப்ளிகேஷன்'னு ஒரு வரி, அவ்வளவுதான். சில்வர் சல்ஃபாடையசின் 1 சதவீதம், தீக்காயத்துக்குப் போடுவாங்களே அந்த வெள்ளை மருந்து. எத்தன வேளை, எவ்வளவு கனம், பழச கழுவணுமா வேண்டாமா ஒண்ணும் இல்ல. பில் கவுண்டர்ல இருந்த தம்பிகிட்ட கேட்டா மூஞ்சியக் கூட தூக்கிப் பாக்காம "சீட்டுல போட்டிருக்குல்லா, மெடிக்கல்ல கேளுங்க"ன்னான்.

மெடிக்கல்ல அது ஸ்டாக் இல்லையாம். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்க்கா"ன்னு வேற ஒரு ட்யூப எடுத்து அவனே அட்டைப் பெட்டியப் பிரிச்சுக் காட்டுறான். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, போன் கேமராவுல பெருசாக்கிப் பாத்தா குளோபெட்டசால், ஜென்டாமைசின், மைக்கோனசோல். படர்தாமரைக்கு டாக்டர கேக்காம ஊரே வாங்கித் தடவுதே அந்த ஸ்டீராய்டு கலவை! தோல் உரிஞ்சு கெடக்குற புண்ணுல இதப் போட்டா ஆறுறதும் தள்ளிப்போகும், கிருமிக்கும் கொண்டாட்டம். வேண்டாம்னா "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"ங்கான். பிரிச்சது யாரு? நல்லா சண்ட போட்டுத்தான் காசத் திருப்பி வாங்கினேன், அப்புறம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில தேடி சரியான மருந்து கிடைச்சுது. ட்யூப் மேல உள்ள பேர நம்பாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும் பாருங்க, அதப் படிங்க.

மருந்த விட முக்கியமான கேள்விய டாக்டரும் கேக்கல, கடையிலயும் கேக்கல, டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு வயசான சிஸ்டர்தான் கேட்டாவ, "ஆச்சிக்கு சல்ஃபா மாத்திர ஒத்துக்குமாம்மா?"ன்னு. இது சல்ஃபா வகை மருந்துல்லா, முன்னாடி எப்பவாவது செப்ட்ரான் மாதிரி மாத்திர தின்னு உடம்பெல்லாம் தடிச்சிருந்தா போடவே கூடாதாம். ஜி6பிடிங்கற, ரத்தச் சிவப்பணுவக் காக்குற நொதி பிறவியிலயே குறைவா இருக்குறவங்களுக்கு ரத்த அணு உடையுற ஆபத்தும் உண்டு, கிட்னி, லிவர் கோளாறு இருந்தா அதையும் சொல்லியாகணும். அத்தைக்கு ஞாபகம் இல்ல, மஞ்சப்பையில கெடந்த பழைய சீட்டெல்லாம் கொட்டிப் பாத்து, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் போட ஆரம்பிச்சோம்.

போடுற விதமும் அந்த சிஸ்டர் சொன்னதுதான். அரை மணி நேரம் முன்னாடியே வலி மாத்திர குடுத்துரணும். கை கழுவி, ஸ்டெரைல் கிளவுஸ் மாட்டி, ஒட்டிக்கெடக்குற துணிய சலைன் ஊத்தி ஊறவச்சு எடுக்கணும், வெடுக்குன்னு இழுத்தா புதுத் தோலும் சேந்து வரும். பழைய மருந்த முழுசா கழுவிட்டு, புதுச ஒண்ணரை மில்லிமீட்டர் கனத்துக்கு, புண்ணு வெளிய தெரியாத மாதிரி பூசணும், ஒரு நாளைக்கு ஒண்ணு இல்ல ரெண்டு தடவ. டப்பாவுக்குள்ள விரல விடாம, வேண்டிய அளவ தனியா எடுத்து வச்சுக்கிடுங்க. கிரீம் கறுத்துப்போனா தூரப் போட்டுருங்க. எங்க வீட்டுப் பக்கத்து கிளினிக்ல பழசு மேலயே புதுசு பூசி அனுப்பிட்டான், சொன்னா "நாங்க எத்தன புண்ணு பாத்திருக்கோம்"ங்கான். அதோட அங்க போறத விட்டாச்சு.

அடுத்த கூத்து, புண்ணு மேல மஞ்சளும் சாம்பலுமா ஒரு ஏடு படிஞ்சுது. பாக்க வந்தவங்க எல்லாம் "சீழ் வச்சிருச்சு, கால எடுத்துருவாவ"ன்னு அத்தை காதுபடவே பேச, அவிய அழ, சேரன்மகாதேவியில இருந்து பஸ்ஸப் பிடிச்சு வேகாத வெயில்ல போனா அன்னைக்கு லீவு, ஓபி கிடையாது. ட்யூட்டில இருந்தவரு கட்டப் பிரிச்சுக்கூட பாக்கல, "நாளைக்கு வாங்க". மறுநாள் அதே சிஸ்டர் ஈரத் துணியால லேசா வழிச்சாவ, ஏடு உரிஞ்சு வந்து அடியில இளஞ்சிவப்பு! மருந்தும் புண்ணுல ஊறுற நீரும் சேந்து கட்டுற ஏடுதான் அது. ஆனா காய்ச்சல், நாத்தம், பச்ச நிறம், சுத்திச் செவப்பு பரவுறது, வலி கூடிக்கிட்டே போறது, இதுல எது இருந்தாலும் லீவாவது ஒண்ணாவது, எமர்ஜென்சிக்கே போயிருங்க.

ரிவ்யூல டாக்டர் "ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா"ங்காரு. சொன்னாத்தான எடுக்க! இந்த மருந்து போட ஆரம்பிச்ச 2-4 நாள்ல வெள்ளை அணு குறையலாமாம், பெரும்பாலும் தானா ஏறிரும், ஆனா பாத்துக்கிடணும். அத்தைக்குக் கொஞ்சம் இறங்கி அப்புறம் ஏறிருச்சு.

அத்தையோட ஒரே குறை ஆத்துல குளிக்க விடலங்கறதுதான். தாமிரபரணி புண்ண ஆத்தும்னு அவிய வாதம். அதுபோக முட்ட, மீனு ஆகாதுன்னு சொந்தக்காரங்க ஒரு பக்கம், முட்ட தினமும் குடுங்கன்னு டாக்டர் ஒரு பக்கம், நான் டாக்டர் கட்சி. மருந்து போட்ட எடத்துல வெயில் பட்டா தோல் கறுத்துப்போகும்னு திண்ணையில உக்காரவும் விடல.

செத்த தோல் எல்லாம் கழண்டதும் டாக்டர் இந்த வெள்ளை மருந்த நிறுத்திட்டு, புண்ணுல ஒட்டாத பாரஃபின் தடவின துணி வைக்கச் சொல்லிட்டாரு, கிருமியத் தடுத்தாலும் புதுத் தோல் மூடுறத இது தாமதப்படுத்துமாம். மிச்ச ட்யூப என்ன செய்யன்னு யோசிக்கையில தெருக்கோடிப் பெரியம்மா வந்தாவ. பேறுகாலத்துக்கு வந்திருக்க மக கையில எண்ண தெறிச்சிருச்சாம், "மீதி மருந்த தாயேன்". நான் மாட்டேன்னுட்டேன். மாசம் நெருங்குன கர்ப்பிணிக்கும், ரெண்டு மாசத்துக்கு உள்ள பச்சப் புள்ளைக்கும் இது கூடாது, சல்ஃபாவால மஞ்சக்காமாலை முத்திப் புள்ளையோட மூளை வரைக்கும் பாதிக்கலாம். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், "பத்து ரூபா மருந்துக்கு இம்புட்டு கணக்கா"ன்னுட்டுப் போயிட்டாவ. சாயங்காலம் அவிய மருமகன கூப்பிட்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன், போயி வேற மருந்து வாங்கிட்டு வந்தாங்க. பெரியம்மா இன்னும் என்ட்ட மூஞ்சி குடுத்துப் பேசல, அது கெடக்கட்டும்.