உப்புத் தண்ணீர் பாட்டில்

எம்.எஸ்சி. முடித்ததும் கிடைத்த முதல் வேலை, ஓர் ஆய்வகத்தில் குண்டு எலிகளுக்கு ரத்தம் எடுப்பது. ஊரில் ஹார்மோன் ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை.

அவை ஜுக்கர் எலிகள். 1961-இல் அமெரிக்காவில் லோயிஸ் ஜுக்கர், தியோடர் ஜுக்கர் இருவரும் அறிவித்த இனம். உடம்பில் கொழுப்பு போதுமென்று மூளைக்குச் சொல்வது லெப்டின் என்ற ஹார்மோன். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இவற்றுக்குப் பழுது. அதனால் தின்றுகொண்டே இருக்கும். ரத்தத்தில் இன்சுலின், ஒல்லியான உடன்பிறப்புகளைவிடப் பல மடங்கு.

சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் எடுத்துவிட்டால் தீனி குறைகிறது, எடை ஏறுவது நிற்கிறது, இன்சுலின் இறங்குகிறது. இத்தனைக்கும் லெப்டின் ஏற்பியின் பழுது அப்படியேதான் இருக்கிறது. அட்ரினல் சுரக்கும் ஸ்டிராய்டு ஹார்மோன், மனிதருக்குக் கார்டிசால் போல எலிக்குக் கார்ட்டிகோஸ்டிரோன். அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் இன்சுலின் மறுபடி ஏறிவிடும். இது எங்களுக்கு முன்பே பலர் செய்து பார்த்தது. நாங்கள் அதன்மேல் ஒரு சின்னக் கேள்வியை வைத்திருந்தோம்.

அறுவையை ஒரு சீனியர் அக்கா செய்வார். இடது பக்கம் சுலபம். வலது சுரப்பி பெருஞ்சிரையை ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. அறுவை முடிந்த எலிகளுக்குக் குடிக்க உப்புத் தண்ணீர்தான் வைப்போம். அட்ரினல் போனால் ஆல்டோஸ்டிரோனும் போய்விடும். சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காது.

அந்தப் பொங்கல் விடுமுறையில் தற்காலிகமாக வந்தவர், “வாயில்லா ஜீவனுக்கு ஏன் தம்பி உப்புத் தண்ணி?” என்று இரக்கப்பட்டு, எல்லாப் பாட்டிலையும் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டார். திரும்பி வந்தபோது நான்கு எலிகள் செத்திருந்தன. அவர்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. பாட்டிலில் சீட்டு ஒட்டாதது நான்.

கண்ணாடித் தட்டு வேலைதான் என்னை அதிகம் குழப்பியது. கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவோம். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சொட்டு விட்டால் இன்சுலின் சுரப்பு சட்டென்று அடங்கும். சரி, ஆபத்தில் ஓடுகிற உடம்புக்கு ரத்தத்தில் சர்க்கரை வேண்டுமே. ஆனால் ஸ்டிராய்டில் ஊறவைத்தாலும் சுரப்பு குறைந்தது! எலிக்குள் இன்சுலினை ஏற்றுகிற அதே வகை ஹார்மோன், தட்டில் இறக்குகிறது. நான் ஏதோ தப்பாகக் கலக்கிவிட்டேன் என்று இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் செய்தேன்.

தப்பில்லை. தட்டில் கல்லீரல் இல்லை, தசை இல்லை, மூளை இல்லை. உடம்புக்குள் ஸ்டிராய்டு கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கிறது, தசையை வாங்காதே என்கிறது. கணையம் ஈடுகொடுக்கக் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். மூளைக்குள் போய் வேகஸ் நரம்பு வழியாகவும் கணையத்தை முடுக்குகிறது. தனியாக விட்டால் அடங்கும் செல், வீட்டுக்குள் இருந்தால் ஓவர்டைம் பார்க்கிறது.

அப்புறம் ரத்தம் எடுத்த கதை. ஒரே கூண்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பேன். ஒருநாள் சும்மா, எடுத்த வரிசைப்படி எண்களை அடுக்கிப் பார்த்தேன். அறுவை செய்யாத எலிகளில் முதல் எலிக்குக் கார்ட்டிகோஸ்டிரோன் குறைவு, கடைசி எலிக்கு எங்கேயோ இருந்தது. கூண்டைத் தொட்டு மூன்று நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பயத்திலேயே அது ஏறத் தொடங்கிவிடும். கூடவே சுரக்கும் அட்ரினலின் இன்சுலினையும் கெடுக்கும். போதாததற்குச் சில நாள் காலையிலும் சில நாள் மாலையிலும் எடுத்திருந்தேன். எலி இரவாடி, அதன் கார்ட்டிகோஸ்டிரோன் உச்சம் தொடுவதே அந்திப் பொழுதில்தான். ஆறு வாரத்து எண்களைத் தூக்கிப் போட்டோம். அக்கா திட்டவில்லை. “இனிமே கூண்டுக்கு ஒரு எலி, காலை எட்டு மணி” என்று மட்டும் சொன்னார்.

குண்டாக இருப்பவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் கார்டிசால் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கொழுப்புத் திசுவுக்குள்ளேயே ஒரு நொதி, செயலற்ற கார்ட்டிசோனைக் கார்டிசாலாக மாற்றுகிறது என்பதால் ரத்த அளவு முழுக்கதையையும் சொல்லாது. மனித உடம்பைப் பற்றி இதற்குமேல் பேச எலிக்காரனுக்கு உரிமையில்லை.

ஒரே ஒரு தடவை பேசினேன். பெரியப்பா நல்ல பருமன். ஆஸ்துமாவுக்குத் தினமும் காலையில் பிரெட்னிசோலோன் மாத்திரை. “வெறும் வயித்துல 104தான்டா, எனக்கு ஏது சுகர்?” என்று பெருமையாகச் சொன்னார். காலையில் போடும் ஸ்டிராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம். 262.

மறுநாள் இரண்டு எண்களையும் நேரத்தோடு ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போனோம்.