மேலட் ஃபிங்கர்: ஒரு முறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து

கிரிக்கெட் பந்து விரல் நுனியில் பட்டு, நகத்தை ஒட்டிய கணு தொங்கிவிட்டது. தானாக நிமிராது. மற்ற கையால் தூக்கினால் நிமிரும், விட்டால் விழும். நுனி எலும்பை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும், அல்லது எலும்பில் ஒரு சில்லைப் பெயர்த்திருக்கும். இதுதான் மேலட் ஃபிங்கர்.

முதலில் போன இடத்தில் கை முழுவதையும் நேர்வாக்கில் எக்ஸ்ரே எடுத்து, "முறிவு இல்லை, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. நேர்வாக்குப் படத்தில் சில்லு எளிதாக மறைந்துபோகும். அந்த ஒரு விரலை மட்டும் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில்லு மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, நுனி எலும்பு உள்ளங்கைப் பக்கம் நழுவியிருந்தாலோ எலும்பு மருத்துவர் கம்பி போடுவதைப் பற்றிப் பேசுவார். இல்லையென்றால் பெரும்பாலும் விரலை மடங்காமல் நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்டே போதும். சில வாரம் தாமதமாகப் போட்டாலும் பலன் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

அடுத்த தொல்லை மருந்துக்கடையில். பொத்தாம்பொதுவாக விரல் ஸ்பிளிண்ட் கேட்டால் தவளை வடிவத்தில் ஒன்றைத் தருவார்கள். அது நடுக்கணுவையும் சேர்த்துப் பிடித்துவிடும். நமக்கு வேண்டியது நுனிக்கணுவை மட்டும் நேராக நிறுத்துவது. நடுக்கணு தாராளமாக மடங்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் விறைத்துப்போகும். மேலட் ஸ்பிளிண்ட் என்றே கேளுங்கள். வீக்கம் வடிந்ததும் அது தொளதொளவென்றாகும், உடனே சிறிய அளவுக்கு மாற்றுங்கள்.

6 முதல் 8 வாரம், இரவும் பகலும் கழற்றக்கூடாது. இடையில் ஒரு தடவை நுனி மடங்கினாலும், ஒட்டத் தொடங்கிய நாண் பிரிந்துவிடும், நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். பலருக்கும் அது மடங்குவது ஸ்பிளிண்ட் மாற்றும்போதுதான். உள்ளங்கையை மேசையில் அழுத்தி வைத்து, ஸ்பிளிண்டை முன்பக்கமாக உருவுங்கள். நுனி மேசையை விட்டு எழவே கூடாது. துடைத்து உலர்த்தி, கட்டைவிரலால் நுனியை அடியிலிருந்து தாங்கிக்கொண்டே மாட்டுங்கள். வீட்டில் யாரையாவது கூட வைத்துக்கொண்டால் நிம்மதி.

தோலையும் கவனியுங்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை கட்டாயம், ஈரம் தங்கினால் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். நுனியை மிகையாகப் பின்னால் வளைத்துக் கட்டினால் கணுவின் மேல்தோலுக்கு ரத்தம் போகாது. அந்த இடம் வெளிறினால் வளைவைக் குறைக்கச் சொல்லுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

"சுளுக்கு எடுத்தால் சரியாகும்" என்று சொந்தபந்தங்கள் சொல்வார்கள். எண்ணெய் போட்டு நீவி இழுத்தால் நாண் மறுபடி அறுந்துபோகும். உறுதியாக மறுத்துவிடுங்கள்.

கழற்றிய பிறகும் 2 முதல் 4 வாரம் தூங்கும்போது மட்டும் போட வேண்டும். பகலில் மெதுவாக, முதல் வாரம் 20–25 டிகிரி வரை மட்டும் நீங்களாக மடக்குங்கள், மற்ற கையால் அழுத்தக்கூடாது. கடைசியில் 5–10 டிகிரி தொங்கல் மிஞ்சலாம், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. தொங்கல் நாளுக்கு நாள் கூடினால், அன்றே ஸ்பிளிண்டை முழுநேரமும் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.