காலி செய்கிற வீடு

ஜூன் 3, செவ்வாய்

இன்னும் இருபத்தேழு நாள். "சமையலறையில ஆரம்பி, அங்கதான் மனசு அடிச்சுக்காது" என்றாள் அக்கா. ஆரம்பித்தேன். மூடி இல்லாத டப்பா பதினொன்று, டப்பா இல்லாத மூடி பத்தொன்பது. தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்ததில் இரண்டு ஜோடி சேர்ந்தது. அதற்கே ஒன்றரை மணி நேரம். மீதியைப் போட்டுவிடலாம் என்று எடுத்தால் கை வரவில்லை. போட்ட மறுநாளே அதன் ஜோடி எங்கிருந்தாவது வந்து நிற்கும் என்று ஒரு பயம். எங்கிருந்து வரும்? எல்லா அலமாரியையும் பார்த்தாகிவிட்டது.

பூச்சு உரிந்த நான்-ஸ்டிக் கடாய் மூன்று இருந்தன. அவற்றை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. நாம் சமைக்க யோசிக்கிற பாத்திரத்தில் இன்னொருவர் மட்டும் ஏன் சமைக்க வேண்டும்? பழைய உலோகத்தோடு சேர்த்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ராத்திரி குவியலாக வைத்திருந்த டப்பாக்களில் ஏழு, காலையில் அலமாரியில் பழைய இடத்திலேயே இருக்கின்றன. துடைத்து அடுக்கியிருக்கிறாள் அம்மா. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கூடத்து மேசை டிராயர். மருந்து டிராயர்.

இதற்கு ஒரு நாள் முழுக்கப் போகும் என்று நினைக்கவில்லை. மாத்திரை அட்டைகள், பாதி குடித்த சிரப், பிரித்த இன்சுலின் பேனா. இன்சுலினைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் இருபத்தெட்டு நாள்தான் கணக்கு. இது எந்தக் காலத்தில் பிரித்ததோ. கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கொட்டியதெல்லாம் தண்ணீரில்தான் போய்ச் சேரும். பிரிக்காததோ பிரித்ததோ, திரும்ப வாங்கிக்கொள்கிற மருந்துக்கடை இருந்தால் அதுதான் நல்ல வழி. மூன்று இடத்தில் கேட்டேன், மூன்றாவது இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சீட்டிலும் அப்பா பெயரைக் கறுப்பு மையால் அடித்தேன். நாற்பது தடவையாவது இருக்கும். கடைசிப் பத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஊசிகளைத் தனியாகக் கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடினேன். குப்பை அள்ளுபவர் கையில் குத்தக் கூடாது.

டிராயர் காலியான பிறகு அடியில் தெர்மாமீட்டர் கிடைத்தது. பாதரசம் வைத்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர். யாரும் உதறி வைக்கவில்லை.

103.6.

ஜூன் 7, சனி

103-க்கு மேல் மூன்று கோடு, கோட்டுக்கு 0.2. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றுதான்.

ஜூன் 9, திங்கள்

அம்மாவோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் பேசினேன். கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிற நான்கு பைகளிலிருந்தும் எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கிறாள். உடைந்த கைப்பிடி, ஒற்றைக் கரண்டி, பழைய திரைச்சீலை.

அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். கானிமன், நெட்ச், தேலர் என்று மூன்று பேர் 1990-இல் எழுதிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள், மீதிப் பாதிக்கு ஒன்றும் இல்லை. கோப்பை கையில் இருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் தர ஒப்புக்கொண்ட விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கோப்பை அவர்களிடம் இருந்தது கொஞ்ச நேரம்தான். அம்மாவிடம் இந்தக் கரண்டி இருந்தது முப்பத்தைந்து வருடம். நான் என்ன கணக்கில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்?

நாளையிலிருந்து "வேணுமா வேணாமா" என்று கேட்கப் போவதில்லை. "இது இப்ப வீட்ல இல்லைன்னா, தேடிப் போய் வாங்குவியா?" என்று கேட்கப் போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டேன். கரண்டியைத் தானே பையில் போட்டாள். திரைச்சீலையைப் போடவில்லை. சரி.

ஜூன் 11, புதன்

பாதரசத்தைக் குப்பையில் போட முடியாது. ஒரு தெர்மாமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும். ஆனால் உடைந்தால் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். துடைப்பத்தால் கூட்டக் கூடாது, இன்னும் சிறு உருண்டைகளாகச் சிதறும். வேக்குவம் கிளீனர் வைத்தால் ஆவியை வீடு முழுக்க ஊதிவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து, ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடி வைக்க வேண்டும். பாதரசத்தைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் 2020-ஓடு இந்த மாதிரித் தெர்மாமீட்டர்களின் உற்பத்திக்கே முடிவு வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். நான் தேடியது வேறு.

உதறாமல் வைத்தால் அளவு அப்படியே நிற்குமா? நிற்கும். குமிழுக்கு மேலே குழாய் முடி போல நெருங்கியிருக்கும். சூட்டில் பாதரசம் அதைத் தாண்டி ஏறும், குளிர்ந்தால் அந்த இடத்தில் அறுந்து மேலேயே நின்றுவிடும். அதனால்தான் உதற வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் ஆனாலும் ஒரு வருடம் ஆனாலும் நிற்கும்.

அன்று நான் போனில் சொன்னது 102.

ஜூன் 13, வெள்ளி

காகிதம். ரசீது ரசீதாக. பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகிவிட்டது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சுத் தாள் அது, மை இல்லை, வைத்திருக்க வைத்திருக்க வெளுத்துவிடும். அப்பா அதையெல்லாம் வருட வாரியாகக் கிளிப் போட்டு, மேலே பென்சிலில் வருடம் எழுதியிருக்கிறார். வருடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பத்திரங்கள், மருத்துவ அறிக்கைகள் நீங்கலாக எல்லாம் போய்விட்டது.

ஜூன் 14, சனி

வாக்கரை எடுத்துப்போக ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். துடைத்து வைத்திருந்தேன். அந்தப் பையன் கவிழ்த்துப் பார்த்து, "ரப்பர் மாத்தணும்" என்றான். நான்கு கால் ரப்பரில் இடது பக்கத்து இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தன. அப்பா இடது பக்கம் அழுத்துவார். தேய்ந்த ரப்பரோடு கொடுத்தால் வழுக்கும், புதிது வாங்கி மாட்டித் தருகிறேன் என்றேன். அவனே மாட்டிக்கொள்வதாகச் சொன்னான். பழைய இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மேசை மேல் இருக்கின்றன.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம் இல்லை. மூன்று கோடு.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நல்ல நாள். ஆல்பங்களை எடுத்தோம். பிசின் பூசிய பக்கத்தில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற வகை. பிசின் பழுப்பேறி, படங்கள் தாளோடு தாளாகப் பிடித்துக்கொண்டன. நகத்தால் உரித்தால் கிழியும். பல்லிடுக்கு சுத்தம் செய்கிற நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, படத்துக்கு அடியில் மெதுவாக அறுக்கிற மாதிரி கொண்டுபோனால் கழன்று வருகிறது. அம்மா அதில் என்னைவிடக் கெட்டிக்காரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறாள். எழுபத்தாறு படம் கழற்றினாள், ஒன்று மட்டும் ஓரம் கிழிந்தது. யாரென்று தெரியாத கல்யாணக் கூட்டங்களைத் தானே ஒதுக்கினாள். "இவங்கள யாருக்கும் தெரியாதுடி, போகட்டும்." நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

பழைய போன் ஐந்து. ஒன்றில் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்திருக்கும். அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. மண் போட்ட வாளியில் தனியாக வைத்தேன். மற்றவற்றில் படங்களை இறக்கிக்கொண்டேன். அப்பாவின் போனில் கடைசி வாரத்து அழைப்புப் பட்டியல் இருந்தது. அதைப் பார்க்காமல் அழித்திருக்கலாம்.

இரவு 8.12. நான் பேசியது. 102 என்று சொன்னது அந்த அழைப்பில்தான். 103.6 என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியில் உடனே கிளம்பி வரச் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 20, வெள்ளி

அந்த மேசை தவிரக் கூடம் காலி. பேசினால் எதிரொலிக்கிறது.

ஜூன் 21, சனி

இன்னொன்றும் படித்தேன். இந்தத் தெர்மாமீட்டரைச் சூடான இடத்தில் வைக்கக் கூடாதாம். அறையின் சூடு உள்ளே நிற்கிற அளவைத் தாண்டினால் தானாகவே மேலே ஏறும், அப்புறம் இறங்காது. உடம்புச் சூடா, டிராயர் சூடா என்று அதற்குத் தெரியாது. அந்த மேசை மேற்குச் சுவரோரம். மத்தியானத்துக்கு மேல் டிராயர் மேல் நேராக வெயில் விழும். இரண்டு கோடை போயிருக்கிறது.

இன்று மூன்று மணிக்கு அந்த டிராயருக்குள் கையை விட்டு வைத்துக்கொண்டு நின்றேன். சூடாகத்தான் இருந்தது. எவ்வளவு என்று கைக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 22, ஞாயிறு

பாதரசம், குழல் பல்பு, பேட்டரி எல்லாம் தனியாக எடுத்துக்கொள்ள செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சொல்லியிருப்பாளோ என்னவோ.

"இது அன்னிக்கு உள்ளது இல்லடி. அன்னிக்கு ராத்திரியே நான் உதறித்தான் வெச்சேன். இது வெயிலுக்கு ஏறினது."

திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரி அம்மா வீட்டுக்கே வரவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், விடிகிறவரை.

"சரிம்மா" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

பத்து மணிக்குள் வருவதாகச் சொன்னார்கள். பெட்டி வாசலில் இருக்கிறது.