கண்ட்ரோல் தொட்டியில் செத்த இரண்டு மீன்கள்

மீன்களை வைத்துச் செய்யும் நச்சுச் சோதனை தொடங்கி 31 மணி நேரம் ஆகியிருந்தது. ரசாயனமே கலக்காத கண்ட்ரோல் தொட்டியில் ஒரு மீன் அடியில் கிடந்தது. கண்ணாடிக் குச்சியால் வாலடியைத் தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. செவுள் மூடியும் அசையவில்லை. மாலைக்குள் இன்னொன்றும் போய்விட்டது.

அந்தத் தொட்டியில் இருந்தவை ஏழு மீன்கள். கண்ட்ரோலில் பத்துக்குக் குறைவான மீன்கள் இருந்தால் ஒன்று மட்டும் சாகலாம் என்பது விதி. பத்தோ அதற்கு மேலோ இருந்தால் பத்து விழுக்காடு. இரண்டு செத்தால், ரசாயனம் கலந்த மற்ற ஐந்து தொட்டிகளில் என்ன நடந்தாலும் அதற்கு மதிப்பில்லை. பல வார வேலை ஒரே நாளில் தண்ணீரில் போனது. நிஜமாகவே தண்ணீரில்தான்.

நான் செய்துகொண்டிருந்தது நன்னீர் மீன்களுக்கான குறுங்கால நச்சுச் சோதனை. ஒரு ரசாயனம் ஆற்றிலோ குளத்திலோ கலக்க வாய்ப்பிருந்தால், எந்தச் செறிவில் 96 மணி நேரத்துக்குள் பாதி மீன்கள் சாகும் என்று கணக்கிட வேண்டும். அந்த எண்ணுக்கு எல்.சி.50 என்று பெயர். உலகம் முழுக்கப் பின்பற்றுவது, பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 203ஆம் எண் வழிமுறை. 1981இல் வந்தது, 1992இல் திருத்தினார்கள், 2019இல் மறுபடியும் திருத்தினார்கள். படித்துப் பார்த்தால் ரொம்ப எளிது: தொட்டியில் தண்ணீர், தண்ணீரில் ரசாயனம், அதில் மீன், நான்கு நாள் எண்ணிக்கை. முதன்முறையாக என் கையில் கொடுத்தபோது ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

மீன்கள் வந்த அன்றே சோதனையைத் தொடங்க முடியாது. நான் வாங்கியவை ஜீப்ரா மீன்கள், இரண்டு சென்டிமீட்டர் அளவில். வந்த களைப்பு தீர முதல் 48 மணி நேரம் விட வேண்டும். அப்புறம் சோதனையில் பயன்படப்போகும் அதே தரமான தண்ணீரில், அதே வெப்பநிலையில் ஏழு நாள் பழக்க வேண்டும். அந்த ஏழு நாளில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகச் செத்தால் மேலே போகலாம். ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் இன்னும் ஏழு நாள். பத்தைத் தாண்டினால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டும். என் 120 மீன்களில் நான்கு செத்தன. தப்பித்தேன்.

எந்தச் செறிவில் தொடங்குவது என்று தெரிய முதலில் ஒரு முன்னோட்டம். லிட்டருக்கு 0.1, 1, 10, 100 மில்லிகிராம் என்று நான்கு தொட்டிகள், தொட்டிக்கு மூன்று மீன்கள், கூடவே ஒரு கண்ட்ரோல். மறுநாள் காலையில் 100இலும் 10இலும் எல்லாம் செத்திருந்தன. மற்றவற்றில் ஒன்றுமில்லை. ஆக, விடை ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில். அந்த இடைவெளியை ஐந்தாகப் பிரித்தேன்: 1, 1.8, 3.2, 5.6, 10. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. இந்த மடங்கு 2.2ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. இடைவெளி அகலமானால் ஒரு தொட்டியில் எல்லாம் பிழைக்கும், அடுத்ததில் எல்லாம் சாகும். நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

இதெல்லாம் சரியாகத்தான் போனது. முழுச் சோதனையில்தான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது மீனும் செத்த பிறகு தொட்டியின் முன் உட்கார்ந்து மீதி ஐந்தையும் பார்த்தேன். மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சுத் திணறும் மீன் அப்படித்தான் செய்யும். உடனே ஆக்சிஜன் மீட்டரை விட்டேன். தண்ணீரில் கரையக்கூடிய அளவில் 90 விழுக்காடு! விதி கேட்பதே 60தான். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றைக் கொண்டுவந்து பார்த்தேன், அதுவும் 90. பி.எச். சரி, வெப்பநிலை சரி. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, மீனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

விடை என் குறிப்பேட்டிலேயே இருந்தது. முந்தைய நாள் இரவு, கரித்தூள் வடிகட்டி வழியாக வந்த தண்ணீர் போதவில்லை. மீதியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். ஒரு நாள் முழுக்கக் காற்றூட்டி வைத்த தண்ணீர்தான், குளோரின் பறந்துபோயிருக்கும் என்ற நம்பிக்கை. சாதாரண குளோரின் என்றால் பறந்துபோகும். அந்தக் குழாயில் வந்ததோ குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின். அது காற்றூட்டினால் போவதில்லை. செவுள் வழியாக இரத்தத்துக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறியது அதனால்தான். சோதனைத் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். நான் அளந்தே பார்க்கவில்லை. ஒரு சோதனைத் தாளை நனைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சோதனை முழுக்க வீணாகவில்லை. தொடக்கத்திலும் 24 மணி நேரத்திலும் எடுத்த தண்ணீர் மாதிரிகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வந்தபோது இன்னொரு குட்டு வெளிப்பட்டது. நான் 5.6 என்று லேபிள் ஒட்டிய தொட்டியில் ஒரு நாள் கழித்து இருந்தது 1.7. ஏறக்குறைய 70 விழுக்காடு காணாமல் போயிருந்தது.

எங்கே போனது? கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், கொஞ்சம் மீனுக்குள் போயிருக்கும். பெரும்பகுதியை விரட்டியது நானேதான். மீனுக்கு நல்லது என்று எல்லாத் தொட்டியிலும் காற்றூட்டிக் கல்லைப் போட்டிருந்தேன். எளிதில் ஆவியாகும் ரசாயனம் அது. ஒவ்வொரு குமிழியும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இந்தச் சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் இதுதான். காற்றூட்டினால் ரசாயனம் போகிறது, நிறுத்தினால் ஆக்சிஜன் குறைகிறது. எது குறைந்தாலும் கிடைக்கும் எண் பொய்.

மீன் போடாமல் வெறும் கரைசலை வைத்துச் சில நாள் பரிசோதித்தேன். காற்றூட்டாமல், கண்ணாடி மூடி போட்டு வைத்தால் 24 மணி நேரம் கழித்து 62 விழுக்காடு நின்றது. அப்படியே நான்கு நாள் விட்டால் 15தான். எனவே ஒரே கரைசலை 96 மணி நேரம் வைத்திருப்பது சரிவராது. தினமும் புதுக் கரைசல் கலக்கி, மீன்களை அதற்கு மாற்ற வேண்டும். தொடர்ந்து கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது, என்னிடம் அது இல்லை. ஆக்சிஜனுக்கு வேறு வழி பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு எடை மீன் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. என் ஏழு மீன்களும் சேர்ந்தே ஒரு கிராம் தேறாது. ஐந்து லிட்டர் தொட்டியில் அவை ஒரு நாளில் மூச்சு விட்டுத் தீர்க்கும் ஆக்சிஜன் பெரிதில்லை. பிந்தைய சோதனையில் அது 71 விழுக்காட்டுக்குக் கீழே போகவே இல்லை.

இதற்குள் மிச்சமிருந்த மீன்கள் வளர்ந்துவிட்டன. புதிய கூட்டம், மறுபடி ஒன்பது நாள். இந்த முறை தண்ணீர் முழுவதும் வடிகட்டியிலிருந்து. இரண்டு தடவை குளோரின் அளந்தேன். மூன்றாவது தடவையும் அளந்தேன், பயம்.

மீன்களைத் தொட்டிகளில் பிரித்துவிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வலையில் முதலில் மாட்டுவது மந்தமான மீன். வரிசையாகப் பிடித்து முதல் தொட்டியை நிரப்பினால் நோஞ்சான்கள் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். கடைசித் தொட்டிக்குக் கில்லாடிகள் கிடைக்கும். சீட்டுப் போட்டு, வந்த எண்ணுக்குரிய தொட்டியில் ஒவ்வொன்றாக விட்டேன். வலையிலிருந்து துள்ளிக் கீழே விழுந்த ஒன்றைச் சேர்க்கவில்லை. 24 மணி நேரத்துக்கு முன்பே தீனியை நிறுத்தியாகிவிட்டது. சோதனை முடியும்வரை தீனி கிடையாது. மீன்களுக்கு அது தெரியாதே. நான் அறைக்குள் வந்தாலே கண்ணாடியோரம் கூடிவிடும்.

பிறகு பார்ப்பதுதான் வேலை. எத்தனை செத்தது என்று 24, 48, 72, 96ஆம் மணியில் எண்ணினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதைய வழிமுறை அதற்கு மேல் கேட்கிறது. சமநிலை தவறிச் சாய்ந்து நீந்துகிறதா, அடியிலேயே கிடக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா, செவுள் வேகமா மெதுவா என்று ஒவ்வொரு மீனுக்கும் எழுத வேண்டும். முதல் இரவு மணிக்கொரு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். 10 மில்லிகிராம் தொட்டியில் மூன்றாம் மணியிலேயே மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்தன. தொட்டால் ஒரு துடிப்பு, மறுபடி சாய்வு.

இந்த நிலையில் என்ன செய்வது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லித்தரவில்லை. எழுத்தில் இருக்கிறது: இனிப் பிழைக்காது என்று தெளிவாகத் தெரிகிற மீனைக் கிடந்து சாக விடாமல் வலியின்றிக் கொல்லலாம், அது செத்த மீனாகவே கணக்கில் சேரும். சோடியம் பைகார்பனேட் சேர்த்து அமிலத்தன்மையைச் சரிசெய்த எம்.எஸ்.222 மயக்கக் கரைசலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் 'இனிப் பிழைக்காது' என்பதை எப்படி முடிவு செய்வது? சாய்ந்து கிடந்த ஒன்று அரை மணி நேரத்தில் நிமிர்ந்து நீந்தியதையும் பார்த்திருக்கிறேன். கடைசியில் எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். இரண்டு முறை, ஒரு மணி நேர இடைவெளியில், தொட்டும் நிமிராமல் செவுள் மட்டும் மெல்ல அசைந்தால் எடுத்துவிடுவது. தொடங்கும் முன்பே இதை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும். நடுராத்திரியில், மீன் கண்முன் துடிக்கும்போது, வரம்பு வைப்பது நல்ல முறையல்ல.

96ஆம் மணியில் கணக்கு இப்படி இருந்தது: கண்ட்ரோலிலும் 1, 1.8 தொட்டிகளிலும் சாவு இல்லை. 3.2இல் ஏழில் இரண்டு. 5.6இல் ஆறு. 10இல் ஏழும். சாவு எண்ணிக்கையிலிருந்து எல்.சி.50ஐக் கணக்கிடும் ஸ்பியர்மன்–கார்பர் முறையில் போட்டால், லேபிளில் இருந்த செறிவுகளின்படி எல்.சி.50 லிட்டருக்கு 3.9 மில்லிகிராம். ஆனால் லேபிளை நம்ப முடியாது என்பதுதான் பார்த்தாகிவிட்டதே. அளந்த செறிவு குறித்த செறிவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அளந்த செறிவையே கணக்கில் எடுக்க வேண்டும். புதுக் கரைசலில் 98 விழுக்காடு, ஒரு நாள் பழையதில் 62. இவற்றின் பெருக்கல் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், 78. ஆக, உண்மையான எண் 3.0. முதல் தடவைபோல் காற்றூட்டிக்கொண்டு, அளக்காமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய எண்தான் வந்திருக்கும், ரசாயனம் இருப்பதைவிடச் சாதுவானது என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

அடுத்து வந்த ரசாயனத்துக்கு இத்தனை மீன்களைப் பிடிக்கவில்லை. பாசிக்கும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்கும் ஏற்கெனவே கிடைத்திருந்த நச்சு எண்களில் சிறியதை எடுத்து, அந்த ஒரே செறிவில் மட்டும் மீனைச் சோதிக்கலாம். ஒன்றும் சாகவில்லையென்றால் அதோடு சரி. கருவுற்ற மீன் முட்டைகளை வைத்துச் செய்யும் ஓ.இ.சி.டி.யின் 236ஆம் எண் முறையும் 2013இலேயே வந்துவிட்டது. முதலிலேயே இவற்றைக் கேட்டிருக்கலாம், கேட்கத் தெரியவில்லை.

கடைசி நாள் வேலை ஒன்று பாக்கியிருந்தது. பிழைத்த மீன்களின் நீளத்தையும் எடையையும் அளந்து பதிய வேண்டும், அதற்கு அவற்றையும் மயக்கக் கரைசலில் விட வேண்டும். கண்ட்ரோல் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். ஐந்து நாளாகத் தீனி காணாத ஏழும் கண்ணாடியோரம் வந்து நின்றன. சராசரி நீளம் 2.1 சென்டிமீட்டர் என்று எழுதினேன்.